90 செ.மீ.க்குக் குறைவான குழந்தையை ஏற்றுகிறார்களா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில் மழலையர் பகுதியைக் காட்டு விலங்குகள் பாணியில் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். மகளுக்கு மூன்று வயது, உயரம் 87 செ.மீ. யானை ராட்டினத்தின் விளம்பரப் படத்தைப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சிக்கல் உயர வரம்புதான். இணையதளத்தில் இன்னும் பழைய பகுதியின் பட்டியலே கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டால் ஒருவர் 90 செ.மீ. கட்டாயம் என்கிறார், இன்னொருவர் பெற்றோர் உடன் அமர்ந்தால் போதும் என்கிறார். மின்னஞ்சலுக்கு வந்த பதில், டிக்கெட் விலைப்பட்டியல்! நேரில் போய் விசாரிக்கலாமென்றால், மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு பஸ். பாதி நாள் அதிலேயே போய்விடும். அவ்வளவு தூரம் அழைத்துப்போய், அளவுகோலருகே நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அவள் அழுகை திருவொற்றியூர் வரை கேட்கும்.

சத்தம் பலமாக இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு உறைந்துவிடுவாள். தனியாக உட்காரவைக்க முடியாது. அண்ணனின் அரையாண்டு விடுமுறை முடிவதற்குள் போயாக வேண்டும்.

மாற்றத்துக்குப் பிறகு சென்று வந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த யானை ராட்டினத்தில் 90 செ.மீ.க்குக் குறைவான குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெற்றோர் ஏற விடுகிறார்களா?