மறு: ‘பஃபர் அண்டர்ரன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழாக்கும் கணினிப் பயனர் கையேட்டில் ‘பஃபர் அண்டர்ரன்’ என்பதற்குச் சொல் தேடுகிறோம். தரவைச் சற்று நேரம் தேக்கி வைக்கும் நினைவிடம்தான் பஃபர். அடுத்த தரவு வருவதற்குள் அது தீர்ந்துபோவதுதான் அண்டர்ரன். அதற்கு வந்த ஒரு பரிந்துரை இது:

> ‘இடையகக் குறைவோட்டம்’ என்று வைத்துவிடலாம். அண்டர் என்றால் குறைவு, ரன் என்றால் ஓட்டம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, ஆனால் படிக்கிறவருக்கு விளங்கவில்லை. நேற்று எங்கள் படிப்பகத்தில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவனிடம் இந்தச் சொல்லைக் காட்டினேன். “கரண்டு கம்மியா ஓடுதா மிஸ்?” என்று கேட்டான். இதே சொல்லைக் கையேட்டில் போட்டால் அவன் போய் ஸ்டெபிலைசரைத்தான் பார்ப்பான்.

இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. பென்டியம் 4, 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி, மதர்போர்டிலேயே ஏசி97 ஒலி. சனி, ஞாயிறு மாலையில் பிள்ளைகள் அதில் கார் பந்தயம் ஆடுவார்கள். ஒற்றைக் கார் ஓடும்வரை இன்ஜின் சத்தம் சுத்தமாக வரும். வளைவு தாண்டிப் புதுத் தெரு திரையில் வரத் தொடங்கியதும் ‘டர்-டர்-டர்’ என்று ஒரே துணுக்கு மூன்று நான்கு தடவை அடிக்கும். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. மறுபடி சத்தம் வரும். “மிஸ், சவுண்டு திக்குது” என்பார்கள்.

எங்களிடம் இருந்த தமிழ்க் கையேட்டைப் புரட்டினோம். ‘ஒலித்தடை ஏற்பட்டால் ஒலி அட்டையைச் சோதித்து மாற்றவும்’ என்று இருந்தது. ஆங்கில மூலத்தை நான் பிறகுதான் பார்த்தேன். அதில் சத்தமே வராத கோளாறு ஒரு பத்தி, பஃபர் அண்டர்ரன் வேறொரு பத்தி. தமிழில் இரண்டுக்கும் ‘ஒலித்தடை’ என்று போட்டு ஒன்றாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஆளுக்குப் பத்து, இருபது போட்டு ரிச்சி தெருவில் ஒரு பழைய பிசிஐ ஒலி அட்டை வாங்கி வந்தார்கள். மாட்டினோம். அதே வளைவு, அதே ‘டர்-டர்-டர்’. அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கோளாறு இருந்தது ஒலியில் அல்ல, ஹார்ட் டிஸ்கின் இணைப்பில். டிவைஸ் மேனேஜரில் முதல் ஐடிஇ சேனலை (ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் தடம்) திறந்து பார்த்தால் ‘பிஐஓ மோடு’ என்று நின்றது. டிஸ்கிலிருந்து வரும் தரவில் பிழை ஆறு முறை சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி தானாகவே டிஎம்ஏ வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ-வுக்கு இறக்கிவிடும். டிஎம்ஏ என்பது தண்ணி லாரியிலிருந்து நேரே சம்புக்கு ஓஸ் போட்டுவிடுவது போல. பிஐஓ என்றால் பிராசசரே குடம் குடமாகச் சுமந்து ஊற்ற வேண்டும். புதுத் தெருவின் படங்களை டிஸ்கிலிருந்து சுமக்கும் அந்த நேரத்தில் ஒலிக்கு ஊற்ற அதற்குக் கை ஒழியவில்லை. மடிப்பில் நைந்துபோன பட்டைக் கேபிளை மாற்றினோம். ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி துவக்கினோம். டிஎம்ஏ திரும்பி வந்தது, திக்கல் போயிற்று. பழைய ஏசி97 ஒலியே போதுமானதாக இருந்தது. வாங்கிய அட்டை அலமாரியில் கிடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இங்கே நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள். காதில் கேட்பதற்கு ஒன்று, அதன் காரணத்துக்கு ஒன்று. காதில் கேட்பதற்கு நாம் தேடவே வேண்டாம். பிள்ளைகளே ‘திக்கல்’ என்று கொடுத்துவிட்டார்கள். காரணத்துக்குத்தான் சொல் வேண்டும்.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சிடி தரத்தில் ஒலி என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள் (அந்தந்தக் கணத்து ஒலியைக் குறிக்கும் எண்கள்), ஒவ்வொன்றும் 2 பைட், இடம் வலம் என இரண்டு தடம். ஆக நொடிக்கு 1,76,400 பைட். ஒலி அட்டை இதை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், யாருக்காகவும் காத்திருக்காது. நடுவில் இருக்கும் பஃபர் 4,096 பைட் என்றால் அது 23 மில்லி நொடிக்குத்தான் தாங்கும். அதற்குள் விளையாட்டு நிரல் அடுத்ததை நிரப்பியாக வேண்டும். 2019 கோடையில் எங்கள் தெருவில் சம்ப் அடி தட்டியபோது யாரோ தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். மோட்டார் நிற்கவில்லை. காற்றும் சேறுமாக இழுத்துக் குழாயில் ‘டொக் டொக்’ என்று கேட்டது. பஃபர் அண்டர்ரன் என்பது சரியாக இதுதான்.

> ‘ஒலிப்பஞ்சம்’ அழகாக இருக்கிறதே?

அழகுதான் அக்கா. ஆனால் இது ஒலிக்கு மட்டும் வருவதில்லை. சிடி எழுதும்போதும் இதே கோளாறு வந்து அந்தக் காலத்தில் எத்தனையோ சிடிகள் பாழாகியிருக்கின்றன. ஆகவே சொல்லில் ‘ஒலி’ வரக்கூடாது.

என் பரிந்துரை: தாங்கல் வறள்வு.

பஃபருக்குத் ‘தாங்கல்’ புதிதல்ல, வேதியியல் பாடத்தில் ‘தாங்கல் கரைசல்’ படித்தவர்கள்தானே நாம். ஆனால் எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம் வேறு. நம் தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல், அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். தாம்பரம் மின்ரயிலில் பழவந்தாங்கலைத் தாண்டாமல் மீனம்பாக்கம் போக முடியாது. ஆனால் அந்தப் பெயருக்குள் ஓர் ஏரி இருப்பதை நாம் நினைப்பதில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தாலும் வயலுக்கு ஒரே சீராகத் தண்ணீர் விட ஏரி வேண்டும். தரவு விட்டு விட்டு வந்தாலும் ஒலியை ஒரே சீராக விட பஃபர் வேண்டும். வேலை ஒன்றுதான்.

‘வற்றல்’ என்று முதலில் எழுதினேன். சுண்டைக்காய் வற்றல்தான் நினைவுக்கு வருகிறது என்று அம்மா சொன்னார்கள், விட்டுவிட்டேன். ‘வறட்சி’ மாதக்கணக்கில் நீள்வது, இதுவோ மில்லி நொடிகளில் நடந்து முடிவது. ‘வறள்வு’ என்றால் ஒரு நிகழ்வாக நிற்கிறது. தவிர, நல்ல கலைச்சொல் வினையாகவும் நடக்க வேண்டும். ‘தாங்கல் வறண்டால்’, ‘தாங்கல் வறளாமல்’ என்று எழுத முடிகிறது. ‘இடையகம் குறைவோடினால்’ என்று எழுதிப் பாருங்கள், அடுத்த அடி வைக்க மாட்டேன் என்கிறது.

கருத்துகளைச் சொல்லுங்கள்.

— பெரம்பூரிலிருந்து

---

அம்மாவுக்கு வணக்கம்.

தாங்கல் பற்றிய விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் உடன்பட முடியவில்லை. விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்தில் சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டையை வைத்துப் பாடுபட்டவன் நான். போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்ற எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஐஆர்க்யூ என்பது ஒலி அட்டை பிராசசரைக் கூப்பிடும் குறுக்கீட்டின் எண். விளையாட்டின் செட்டப்பில் ஐஆர்க்யூ 5-க்குப் பதில் 7 என்று கொடுத்துவிட்டால், முதல் துணுக்கு ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். அப்போது பஃபர் வறளவில்லை, பழைய தரவு முழுதாக அங்கேதான் இருக்கிறது. பஃபர் ஒரு வட்டம், அதில் படிக்கும் முள் எழுதும் முள்ளை முந்திவிட்டது, அவ்வளவுதான். நீர் இருக்கும்போது வறண்டது என்பது எப்படிச் சரியாகும்? மேலும் ‘இடையகம்’ ஏற்கெனவே கணித்தமிழில் புழங்குகிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

— ஓய்வுபெற்ற பொறியாளன், நங்கநல்லூர்

---

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் எழுதாவிட்டால் நானே இரண்டு கோளாறுகளை ஒன்றாக்கியிருப்பேன். அந்தக் கையேட்டில் எதைக் குறை சொன்னேனோ, அதே தவறு.

ஐஆர்க்யூ எண் தவறினால் நிரப்பும் ஆளுக்கு வேலை அதிகம் என்பதல்ல, அவரைக் கூப்பிடும் மணியே அடிக்கவில்லை. பிராசசர் சும்மாதான் இருக்கிறது. ஆட்டம் தொடங்கிய முதல் நொடியிலிருந்தே கோளாறு தெரியும், என்ன செய்தாலும் மாறாது. தாங்கல் வறள்வு அப்படியல்ல. திரையில் கூட்டம் சேரும்போது வரும், கலைந்ததும் போய்விடும். இந்த வேறுபாட்டைக் கையேட்டில் எழுதியே ஆக வேண்டும். நீங்கள் சொன்னதற்குக் ‘குறுக்கீடு தவறல்’ என்று தனித் தலைப்பு வைக்கிறேன்.

நீர் இருக்கும்போது வறண்டது என்று சொல்லலாமா என்ற கேள்வியை மதுராந்தகம் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமாவிடம் போனில் கேட்டேன். மதகுக்குக் கீழே முழங்கால் தண்ணீர் கிடந்தாலும் வயலுக்கு வராவிட்டால் அவர்களுக்கு ஏரி வறண்டதுதானாம். பயன்படும் நீர் தீர்ந்ததா என்பதுதான் கணக்கு. பஃபரிலும் அப்படித்தான். பழைய தரவு கிடக்கிறது, புதிது இல்லை.

அவரிடமே இதற்கு எதிர்ச்சொல்லும் கேட்டேன். ஏரி நிரம்பி வழிந்தால் ‘கோடி போகுது’ என்பார்களாம். ஓவர்ஃப்ளோவுக்கு அதையே வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் கணினித் திரையில் கோடி என்றால் எண்ணாகத்தான் படிப்பார்கள். ‘தாங்கல் வழிவு’ போதும்.

‘இடையகம்’ பற்றி நீங்கள் சொன்னது நியாயம். நிரலாளர்களுக்கான ஆவணத்தில் அது அப்படியே இருக்கட்டும். பயனர் கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் ‘தாங்கல் (இடையகம்)’ என்று போட்டுவிட்டுப் பிறகு தாங்கலையே எழுதுகிறேன். திருத்திய பத்தி கீழே. சொல் உறுத்தும் இடத்தைச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடுகிறேன்.

“ஆட்டத்தின் நடுவே ஒலி திக்கினால் ஒலி அட்டையை மாற்ற வேண்டாம். திரையில் கூட்டம் சேரும்போது மட்டும் திக்குகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் தாங்கல் (இடையகம்) வறள்கிறது. முதலில் பின்னணியில் ஓடும் வைரஸ் தேடலை நிறுத்துங்கள். அடுத்து, ஹார்ட் டிஸ்க் பிஐஓ மோடில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேபிளை மாற்றி டிஎம்ஏ-வுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் திக்கினால், விளையாட்டின் அமைப்பில் தாங்கலின் அளவை 1,024 மாதிரிகளிலிருந்து 2,048 ஆக்குங்கள். தாங்கல் வறள்வது குறையும். ஆனால் ஒலியின் சுணக்கம் 23 மில்லி நொடியிலிருந்து 46 மில்லி நொடியாகக் கூடும்.”

— பெரம்பூரிலிருந்து