மறு: 'சுற்றிவளைப்பு' வேண்டாம், 'திடீர்ப் பரிசோதனை' எண்டு வைப்பம்

எல்லாருக்கும் வணக்கம்,

இழை நீண்டுட்டுது, அதால ஒவ்வொண்டா பிரிச்சு பதில் எழுதுறன். புதுசா சேர்ந்த ஆக்களுக்கு: போட்டிச் சட்ட (கம்பனிகள் கூட்டுச் சேர்ந்து விலை வைக்கிறது மாதிரியானதைத் தடுக்கிற சட்டம்) அதிகாரிகள் முன்கூட்டி ஒண்டும் சொல்லாம கம்பனி வாசல்ல வந்து நிண்டு, பைல், கம்பியூட்டர், போன் எல்லாம் பாத்து கொப்பி எடுத்துக்கொண்டு போறதை இங்கிலீஷில டோன் ரெய்ட் (டோன் எண்டா விடியல்) எண்டு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் எண்டதுதான் விசயம். எனக்கு இது அகராதிக்கு இல்ல. எங்கட தாய்க் கம்பனி ஐரோப்பாவில, சட்டப் பிரிவு கொழும்பில, திருகோணமலை சீனக்குடா யார்ட்டில வேலை செய்ற ஆக்கள் தமிழ் வாசிக்கிற ஆக்கள். அவங்களுக்கு வழிகாட்டி எழுதுற பொறுப்பு என்னட்ட வந்திருக்கு.

> பேப்பரில நுகர்வோர் அதிகாரசபை கடைக்குப் போனாலும் 'சுற்றிவளைப்பு' எண்டுதானே போடுறாங்க? இருக்கிற சொல்லையே எடுங்க.

அக்கா, பேப்பர்ல அப்பிடித்தான் வருது, உண்மை. ஆனா திருகோணமலையில கொஞ்சம் வயசு போன ஒராளிட்ட இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்க. யுத்த காலத்தில ஆமி விடியக்காலமை ஊரைச் சுத்தி நிண்டு, எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி, அடையாள அட்டையோட இருத்தி, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டிக்கு முன்னால நடக்கவிட்டதுதான் ஞாபகம் வரும். அந்தக் காலம் ஆக்கள் பழகினது கடதாசியை எரிக்கிறது, படத்தை ஒளிக்கிறது, கேட்டா ஒண்டும் தெரியாது எண்டு சொல்றது. உயிர் தப்பப் பழகின பழக்கம், அதில பிழை சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்ல. ஆனா அதே பழக்கம் போட்டிச் சட்ட விசாரணையில வெளிய வந்தா கம்பனிக்குப் பெரிய அடி.

2023 மார்ச்சில, ஐரோப்பிய ஒன்றியத்தில போட்டிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துற ஐரோப்பிய ஆணைக்குழு வாசனைப் பொருள் கம்பனிகளுக்கு இப்பிடிப் போகேக்க, ஐ.எஃப்.எஃப். எண்ட கம்பனியில மேல்மட்டத்தில இருந்த ஒராள் போட்டிக் கம்பனி ஆளோட கதைச்ச வட்ஸ்அப் செய்திகளை அழிச்சுப்போட்டார். ஆணைக்குழு அதைக் கண்டுபிடிச்சு, அழிச்சதைத் திருப்பியும் எடுத்திட்டுது. 2024ல அந்த அழிப்புக்கு மட்டும் 1 கோடியே 59 லட்சம் யூரோ தண்டம், அதுவும் பிறகு ஒத்துழைச்சதால பாதி குறைச்ச தொகை. விலைக் கூட்டு நடந்துதா இல்லையா எண்ட கேள்விக்கும் இந்தத் தண்டத்துக்கும் தொடர்பே இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின்ட 1/2003 ஒழுங்குவிதிப்படி விசாரணைக்கு இடைஞ்சல் செய்தா கம்பனியின்ட ஒரு வருச விற்பனை முழுவதிலயும் 1 சதவீதம் வரை தண்டம் போடலாம், கூட்டுச் சேர்ந்ததே நிரூபணமானா 10 சதவீதம் வரை. அப்ப முதல் பத்து நிமிசம் வாசல்ல இருக்கிற பிள்ளையும் செக்கியூரிட்டி ஐயாவும் என்ன செய்றாங்க எண்டதில தான் எல்லாம் இருக்கு, அவங்களுக்குப் பயம் பிடிக்கிற சொல்லை நானே எழுதிக் குடுக்க ஏலாது.

> 'விடியற்சோதனை' அழகா இருக்கே.

அழகுதான் தம்பி, ஆனா விடியலுக்கும் இதுக்கும் சம்பந்தம் குறைவு, பெரும்பாலும் கந்தோர் திறக்கிற நேரத்துக்குத்தான் வருவாங்க. ஐரோப்பியச் சட்டத்தில ரெய்ட் எண்ட சொல்லே இல்ல, இன்ஸ்பெக்‌ஷன் எண்டுதான் இருக்கு. இந்தியப் பேப்பர்ல வாற 'அதிரடிச் சோதனை'யும் எங்களுக்குச் சரிவராது, சோதனை எண்டாலே இங்க சோதனைச்சாவடி தான். 'தேடுதல்' எண்டதுக்கும் இதே கதை.

> பரிசோதனை எண்டா இரத்தம் குத்திப் பாக்கிற மாதிரி இல்லையா?

அண்ணை, இதுக்குத்தான் நல்லா யோசிச்சன். பி.எச்.ஐ.யைத் தமிழ்ல என்னெண்டு சொல்றம்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் சொல்லாமல்தான் சாப்பாட்டுக் கடைக்கு வாறார். முதலாளி அட்டையைப் பாத்து உள்ள விடுறார், குசினியைக் காட்டுறார், கேட்டதுக்குப் பதில் சொல்றார், ஒருத்தரும் பின்கதவால ஓடுறேல்ல. எனக்கு வேண்டியது அந்த நடத்தைதான், அது இந்தச் சொல்லோடயே வருது. இன்னொண்டு, பரிசோதனையில இருந்து பரிசோதகர், பரிசோதிக்கிற அதிகாரம், பரிசோதனைக் குறிப்பு எண்டு வேணுமான சொல்லெல்லாம் தானா வரும். சுற்றிவளைப்பில இருந்து வாற அதிகாரிக்கு என்ன பேர் வைக்கப்போறம்? நோட்டீஸில 'திடீர்ப் பரிசோதனை', சட்டப் பிரிவின்ட கடிதங்களில 'முன்னறிவித்தலற்ற பரிசோதனை', ரெண்டும் ஒண்டுதான்.

இலங்கையில இதெல்லாம் எங்க நடக்குது எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில போட்டிக்கு எதிரான நடத்தையை விசாரிக்கிற அதிகாரம் நுகர்வோர் அதிகாரசபைக்கு இருக்கு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்த கம்பனி இணைப்புக் கட்டுப்பாடு அதோட போச்சு. அதைவிட, விலை விசயமா ஐரோப்பியக் கந்தோருக்கு எங்கட யார்ட்டில இருந்து போற மெயில் அங்கத்தைய கம்பியூட்டர்ல கிடக்கும், அங்க பரிசோதனைக்கு வாறவங்க அதையும் பாப்பாங்க.

அதிகாரிகள் கதவில ஒட்டுற 'சீல்' எண்ட சொல்லை மாத்தவேண்டாம். முத்திரை எண்டா ஆக்கள் தபால் முத்திரை எண்டு நினைப்பாங்க, கடைக்கு சீல் வைச்சாச்சு எண்டா சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். இதில ஒரு விசயம் கட்டாயம் எழுதவேணும். 2006ல ஜெர்மனியில ஈ.ஆன் எண்ட மின்சாரக் கம்பனிக்குப் போன ஆணைக்குழு அதிகாரிகள் வேலை முடியாததால பைல்களை ஒரு அறையில வைச்சுப் பூட்டி, கதவில பிளாஸ்டிக் சீல் ஒட்டிட்டுப் போனவங்க. அது பிரிச்சா செல்லுபடியாகாது எண்ட எழுத்து மேல வாற மாதிரிச் செய்த ஸ்டிக்கர். அடுத்தநாள் வந்து பாத்தா எழுத்து தெரியுது. துப்புரவு செய்றவர் மருந்து போட்டுத் துடைச்சதால வந்திருக்கலாம் எண்டு கம்பனி வாதாடிச்சு, எடுபடேல்ல. 2008ல 3 கோடியே 80 லட்சம் யூரோ தண்டம், 2012ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அறைக்குள்ள இருந்து ஒரு கடதாசி வெளிய போனதெண்டு ஆணைக்குழு காட்டவேண்டியிருக்கேல்ல, சீல் உடைஞ்சதே காணும். அதால வழிகாட்டி மனேஜர்மாருக்கு மட்டும் போனாப் போதாது, பின்னேரம் கூட்டுறதுக்கு வாற அம்மாவின்ட கையிலயும் போகவேணும், அவவுக்கு விளங்கிற தமிழ்ல.

சட்டத்தரணிமாருக்கு ஒண்டு: 2010ல அக்சோ எண்ட கம்பனியின்ட வழக்குத் தீர்ப்பிலயும் உறுதிசெய்தபடி, கம்பனிக்குள்ள சம்பளத்துக்கு இருக்கிற சட்டத்தரணி எழுதின ஆலோசனைக்கு ஆணைக்குழு விசாரணையில இரகசியப் பாதுகாப்பு இல்ல, ஐரோப்பாவில தொழில் செய்ய உரிமையுள்ள வெளிச் சட்டத்தரணி எழுதினதுக்குத்தான் இருக்கு. இங்கிலாந்துச் சட்டத்தில உள்ளுக்குள்ள இருக்கிறவருக்கும் உண்டு. அதால 'இது பிழை, நிப்பாட்டுங்க' எண்டு மெயில்ல எழுத முதல் எந்த நாட்டுச் சட்டம் எண்டு பாக்கவேணும்.

வாசல் மேசையில ஒட்டப்போற தாள் இப்பிடி எழுதியிருக்கிறன், திருத்தம் இருந்தாச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்கு முதல் அச்சுக்குக் குடுக்கவேணும்:

"திடீர்ப் பரிசோதனைக்கு அதிகாரிகள் வந்தா மரியாதையா இருத்துங்க. அடையாள அட்டையையும் கொண்டுவந்த ஆணையையும் கேட்டு வாங்கி கொப்பி எடுங்க. கீழ இருக்கிற நம்பருக்கு உடன அடியுங்க. சட்டத்தரணி வரும்வரை பொறுக்கலாமோ எண்டு கேக்கலாம், ஏலாது எண்டா மறிக்கவேண்டாம். போன், பைல், மெயில் ஒண்டையும் அழிக்கவேண்டாம், ஒளிக்கவேண்டாம். தெரியாததை ஊகிச்சுச் சொல்லவேண்டாம். சீலில கை வைக்கவேண்டாம், கதவைத் துடைக்கவும் வேண்டாம்."