அதிபரைக் ‘கட்டும்’ சடங்குக்கு அழைக்கிறார்கள்: இன்றிரவு என்ன செய்வது?

புதுவரவு: வணக்கம். நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடன் தங்கியிருப்பவர்கள் கூடத்தில் அதிபரின் படம், குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் ‘கோபுரம்’ சீட்டு, ஆரஞ்சு மெழுகுவர்த்தித் துண்டு ஆகியவற்றை வைத்து, நள்ளிரவில் அவரை மந்திரத்தால் கட்டப்போவதாகக் கூறி என்னையும் அழைக்கிறார்கள். இது செய்வினையா? காவல்துறை வந்தால் என் விசா என்ன ஆகும்?

நியூஜெர்சி அண்ணாச்சி: தம்பி, நான் வந்த புதிதில் அறைத்தோழர் ஒருவர் முன்பணத்தைத் தராமல் போனதால், குளிர்காலம் முழுவதும் நண்பர் வீட்டுத் தரையில் படுத்தேன். தமிழர் வீடாகப் பார்த்து இன்றே மாறிவிடுங்கள்.

ஓக்லாந்து அக்கா: எதற்காக ஓட வேண்டும்? இது 2017 பிப்ரவரி 24 அன்று டிரம்புக்கு எதிராக மைக்கேல் ஹியூஸ் என்ற எழுத்தாளர் தொடங்கிவைத்த, தேய்பிறைதோறும் செய்யப்படும் சடங்கு. டிரம்ப் பிறருக்குத் தீங்கு செய்யாதபடி தடுப்பதே அதன் நோக்கம். 1968 ஹாலோவீன் நாளில் பெண்ணியவாதிகள் சூனியக்காரிகளாக உடுத்தி வால் ஸ்ட்ரீட்டைச் சபித்தார்கள். 1981இல் ஸ்டார்ஹாக் என்ற சூனிய மரபு எழுத்தாளர் போன்றோர் கலிபோர்னியாவின் டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தை மறித்த போராட்டத்தில் சடங்கையும் சேர்த்தே நடத்தினார்கள். இந்தச் சூனிய மரபைப் பின்பற்றும் இவர்களுக்கு வழிபாடும் போராட்டமும் ஒன்றுதான். இம்மரபின் முக்கியப் பிரிவான விக்கா ஒரு மதமே என்று 1986இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

பெர்லின்வாசி: அக்கா சொல்வது ஒரு பக்கம் மட்டுமே. இதுபோன்ற பழைய மரபுகளைச் சேர்ந்த வடஐரோப்பியக் கடவுள் ஓடினையும் ரூன் என்ற பழைய எழுத்துகளையும் தீவிர வலதுசாரிகளும் ஏந்துகிறார்கள். நாஜிகள் பயன்படுத்திய, மின்னல் வடிவிலான சிக் ரூனைப் பொதுவெளியில் காட்டுவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி குற்றம். ஓடின் போன்ற கடவுள்களை வழிபடும் ஹீதன் அமைப்புகளில் இனவெறியை ஏற்காதவையே 2016இல் ‘பிரகடனம் 127’ வெளியிட்டு, இனவெறி கொண்ட ஹீதன் குழு ஒன்றிடமிருந்து விலகின. சுவரில் என்ன குறி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நியூஜெர்சி அண்ணாச்சி: வாடகையும் கொடுத்துவிட்டு அடுத்தவர் அரசியலையும் சுமக்க வேண்டும் என்றால், எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம்?

டல்லாஸ் செல்வி: தம்பி நாட்டையும் விசா வகையையும் சொல்லவில்லை; அமெரிக்கா என்றே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவது குற்றமல்ல. அழைப்பை மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. “என் வழிபாடு வேறு” என்றாலே மரியாதையாக விட்டுவிடுவார்கள். அவர்கள் எடுக்கும் படங்களில் மட்டும் நிற்காதீர்கள். 2019 முதல் விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறார்கள். மறியலுக்கு அழைத்தால், கைதானால் விசாவுக்கே சிக்கல் வரலாம் என்பதால், முன்னதாகக் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் விசா வகையையும் எழுதினால், வீடு மாறுவதைப் பற்றி நாளை பேசலாம்.