நெல்லை மாமா வீட்டு குரூப்பில் போர்ச்சுகல் கப் பஞ்சாயத்து

தீபக்: கப் டோர்னமென்ட் எல்லாம் சும்மா பேருக்குதான். போர்ச்சுகல்ல எப்பவும் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் மூணுல ஒண்ணு. மத்த டீமெல்லாம் வந்து அடி வாங்கிட்டு போகும்

வினோ: ஏல தீபக் எத்தன வருசமா ஃபுட்பால் பாக்க நீ

தீபக்: ஏன் அத்தான் உண்மையத்தான சொன்னேன். 2025 ஃபைனல் யாரு? பென்ஃபிகாவும் ஸ்போர்ட்டிங்கும். 90 நிமிசம் தாண்டி பென்ஃபிகா 1-0ல நின்னுச்சு, ஸ்போர்ட்டிங்கோட யோகெரெஷ் பெனால்ட்டி போட்டான், எக்ஸ்ட்ரா டைம்ல ஸ்போர்ட்டிங் 3-1. செம மேட்ச்தான், ஆனா யாரு ஜெயிச்சாலும் பெரிய டீம்தான

வினோ: அதே சீசன் செமில பென்ஃபிகா கூட யாரு ஆடினா?

தீபக்: ஏதோ டிர்சென்ஸ்

வினோ: ஏதோவா?? நாலாவது டிவிஷன் டீம்டா அது. நாலாவது டிவிஷன்ல இருந்து செமிஃபைனல் வரைக்கும் வந்த முதல் டீமே அதுதான்

தீபக்: வந்து? ஒரு மேட்ச் 5, இன்னொண்ணு 4. மொத்தம் 9-0 😂

சேகர் மாமா: அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல வினோ. செமிய ரெண்டு லெக்கா வச்சா சின்னவன் எப்படி தப்பிப்பான். ஒத்த மேட்ச்னா அதிர்ஷ்டம் அடிக்கும், ரெண்டுன்னா கடைசியில பணம் இருக்கவன்தான் நிப்பான்

வினோ: மாமா அப்ப 2018 ஞாபகம் இருக்கா

சேகர் மாமா: ஆவெஸா? மறப்பேனா. நைட்டு உக்காந்து பாத்தோம்ல, உங்க அத்தை வந்து டிவிய அணைக்கப் போனா

கலா அத்தை: நான் அணைக்கல. சத்தத்த குறைச்சேன்

ரம்யா: ஆவெஸ்னா யாரு? நான் கேள்விப்பட்டதே இல்ல

வினோ: இரு அக்கா சொல்லுதேன். வடக்க சாண்டோ டிர்சோ பக்கம் விலா தாஸ் ஆவெஸ்னு ஒரு ஊரு, நூல் மில்லு துணி மில்லுன்னு இருக்க ஏரியா, எட்டாயிரத்து சொச்சம் பேரு, ஃபைனல் நடக்க ஜமோர் ஸ்டேடியத்துல மொத்த ஊரையும் நாலு தடவ உக்கார வைக்கலாம், அந்த ஊரு கிளப்புதான் ஆவெஸ், 1930ல ஆரம்பிச்சது, 2017லதான் மேல் டிவிஷனுக்கு திரும்ப ஏறி வந்தாங்க, அதுவரைக்கும் பெருசா ஒரு கப்பும் கிடையாது, வந்த முதல் சீசன்லயே டாசா, அதான் போர்ச்சுகல் கப், ஃபைனல், எதுர ஸ்போர்ட்டிங். தீபக் சொன்ன டிர்சென்ஸும் அதே சாண்டோ டிர்சோதான்

தீபக்: ஓ அதே ஊரா

வினோ: ஊரு வேற, முனிசிபாலிட்டி ஒண்ணு

சேகர் மாமா: அந்த வருசம் ஆவெஸ் மட்டும் இல்லல, கால்டாஸ்னு ஒரு டீம் வந்தானுவ பாரு, அவனுவளதான் எனக்கு ரொம்ப பிடிச்சுது

வினோ: ஆமா மாமா. மூணாவது டிவிஷன். பகல்ல வேலைக்கோ காலேஜுக்கோ போயிட்டு சாயந்தரம் பிராக்டிஸ் பண்ற பயலுவ. அகடெமிகாவ அடிச்சு, ஃபாரென்ஸ எக்ஸ்ட்ரா டைம்ல அடிச்சு செமி வந்துட்டானுவ. கிரவுண்டு பேரு காம்போ தா மாடா, மாடான்னா காடு, நிஜமாவே மரத்துக்கு பக்கத்துலதான் இருக்கு. ஆவெஸ் அங்க வந்து எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் திணறிதான் ஜெயிச்சான்

ரம்யா: மூணாவது டிவிஷன் டீம் செமி வரைக்கும் எப்படிடா வரும், டிரா சரியில்லையா

வினோ: ரூல் அப்படி அக்கா. மேல் டிவிஷன் டீமெல்லாம் மூணாவது ரவுண்டுலதான் உள்ள வரும், வரும்போது கீழ் டிவிஷன் டீமோட ஊருக்கு போயிதான் ஆடணும். பென்ஃபிகாவா இருந்தாலும் பஸ் ஏறி போவணும். அந்த சின்ன ஊருக்காரனுக்கு அன்னைக்கு ஒரு நாள் தேருதான், டிக்கெட் வித்த காசுல ஒரு வருசம் ஓட்டிருவான். எனக்கு இந்த கப்புல பிடிச்சதே அந்த ரூல்தான், ஃபைனல் கூட அப்புறம்தான்

தீபக்: ரூல் நல்லாதான் இருக்கு

வினோ: அந்த சீசன்ல பென்ஃபிகாவ ரியோ ஆவென்னு இன்னொரு டீம் டிசம்பர்லயே 3-2ன்னு வெளிய அனுப்பிட்டான். போர்ட்டோ செமில ஸ்போர்ட்டிங்கிட்ட போச்சு. ரெண்டு லெக்கும் ஆளுக்கு 1-0, பெனால்ட்டியில 5-4. அப்ப ஸ்போர்ட்டிங்குக்கு ஃபைனல்ல மீதி இருந்தது ஆவெஸ்தான், கப்ப கையில குடுத்த மாதிரின்னு எல்லாரும் நினைச்சாச்சு

கலா அத்தை: மேல டேங்க் நிறைஞ்சு தண்ணி கொட்டுது மோட்டார போட்டவுக யாரு

தீபக்: அம்மா நான் அணைச்சுட்டேன்

கலா அத்தை: கிழிச்ச. இன்னும் கொட்டுது

சேகர் மாமா: நான் போறேன். வினோ அந்த வாரம் நடந்தத சொல்லு ரம்யாவுக்கு

வினோ: ஃபைனல் மே 20. அதுக்கு ஒரு வாரம் முன்ன லீக் கடைசி மேட்ச்ல மாரிட்டிமோகிட்ட 2-1ன்னு தோத்து ஸ்போர்ட்டிங் ரெண்டாவது இடத்த விட்டுருச்சு, சாம்பியன்ஸ் லீக் போச்சு. மே 15 அன்னைக்கு அல்கொஷெட்ல ஸ்போர்ட்டிங்கோட பிராக்டிஸ் கிரவுண்டுக்குள்ள முகமூடி போட்ட ஆளுங்க நாப்பது அம்பது பேரு பூந்து டிரஸ்ஸிங் ரூம்ல பிளேயர்ஸ போட்டு அடிச்சிருக்கானுவ, யாரு, எதிர் டீம் ஆளுவ இல்ல, அவனுவ சொந்த ஃபேன்ஸ்தான். பாஸ் டோஸ்ட்னு அந்த டீம்லயே அதிகமா கோல் போடுத பய, அவன் மண்டைய உடைச்சிட்டானுவ. கோச் ஜோர்ஜ் ஜீசஸுக்கும் அடி

ரம்யா: என்னடா இது. போலீஸ் இல்லையா

வினோ: வந்தாங்க, அன்னைக்கே பல பேர புடிச்சு உள்ள வச்சாங்க. ஆனா அஞ்சு நாள்ல ஃபைனல். பாஸ் டோஸ்ட் தலையில கட்டோட எறங்குனான். கிளப் பிரசிடென்ட் புருனோ டி கார்வால்யோ ஃபைனலுக்கே வரல. பிளேயர்ஸ்கும் அவருக்கும் ஏற்கனவே ஏப்ரல்ல இருந்து பேச்சுவார்த்தையே சரியில்ல, ஃபேஸ்புக்ல பிளேயர்ஸ திட்டி போஸ்ட் போட்ட ஆளு

தீபக்: அப்ப ஆவெஸ் ஜெயிச்சதுக்கு காரணம் ஸ்போர்ட்டிங் மனசு சரியில்லாம ஆடினதுதான. லக்கு

வினோ: பாதி அது, இல்லன்னு சொல்லல. மீதி ஆவெஸ் ஆடினது. கோல் போஸ்ட்ல நின்னது கிம், 42 வயசு, ஒரு காலத்துல பென்ஃபிகாவுக்கு ஆடின கீப்பர். ரெண்டு கோலும் போட்டது அலெக்சாண்ட்ர கெடெஸ், அவன் ஸ்போர்ட்டிங் அகாடமியில வளந்த பய, அவங்களே வளத்து விட்டவன்தான் 16வது நிமிசம் ஒண்ணு 72ல ஒண்ணுன்னு போட்டு விட்டான். அந்த ரெண்டாவது கோலுக்கு அப்புறம் ஸ்போர்ட்டிங் கீப்பர் ருய் பாட்ரிசியோ மூஞ்சிய பாத்திருக்கணும்

சேகர் மாமா: ஸ்போர்ட்டிங்குக்கு மோன்டேரோ 85ல ஒண்ணு திருப்புனான். அப்புறம் ஸ்டாப்பேஜ் டைம் முடியுற வரைக்கும் நான் சேர்லயே உக்காரல. 2-1

கலா அத்தை: அன்னைக்கு இவுக எழும்பி குதிச்சதுல பக்கத்து வீட்டு நாய் குரைச்சது

ரம்யா: 😂😂 சரி ஃபைனல் எப்பவும் ஒரே இடத்துல தானா

வினோ: பெரும்பாலும் ஜமோர்ல அக்கா, லிஸ்பன் பக்கத்துல. 1944ல திறந்த ஸ்டேடியம். ஒரு பக்கம் கல்லு வச்சு கட்டுன மேடை, சுத்தி மரம். 67ல செல்டிக் யூரோப்பியன் கப்ப இங்கதான் தூக்குனாங்க. காலையிலயே குடும்பம் குடும்பமா வந்து மரத்தடியில மேசைய போட்டு அடுப்பு மூட்டி கறி வறுத்து பீர் குடிச்சு மத்தியானம் வரைக்கும் அங்கயேதான். மேட்ச் அதுக்கப்புறம்தான்

கலா அத்தை: அட நம்ம பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல மரத்தடியில பொங்கல் வைக்குத மாதிரி

வினோ: அதே அத்தை. சாமி மட்டும் வேற

சேகர் மாமா: அன்னைக்கு ஸ்போர்ட்டிங் ஃபேன்ஸ் பல பேரு கப்பு கண்டிப்பா நமக்குதான்னு அந்த வாரத்து கஷ்டத்த மறக்க வந்தானுவ. போகும்போது அழுதுகிட்டு போனானுவ. ஆவெஸ் பிளேயர்ஸ் அந்த கல்படிய ஏறிப் போயி கப்ப வாங்குறத பாத்தா எனக்கே தொண்டை அடைச்சுது. கோச் ஜோசே மோட்டா எவ்ளோ வருசமா சின்ன டீம்களயே வச்சுகிட்டு மல்லுகட்டுன மனுசன்

தீபக்: சரி ஒத்துக்கிடுதேன். அப்புறம் யூரோப்பா லீக்ல என்ன பண்ணாங்க ஆவெஸ்

வினோ: அங்கதான் வயிறு எரியும். போகவே இல்ல

தீபக்: என்ன??

வினோ: அப்ப கப் ஜெயிச்சா நேரா யூரோப்பா லீக் குரூப் ஸ்டேஜ். ஆனா ஆவெஸுக்கு ஐரோப்பாவுல ஆடுறதுக்கான லைசன்ஸ் கிடையாது. அதனால அந்த இடம் லீக்ல மூணாவது வந்தவனுக்கு போச்சு. யாரு மூணாவது?

தீபக்: ஐயோ ஸ்போர்ட்டிங்

வினோ: ஸ்போர்ட்டிங்கேதான்

ரம்யா: அடப்பாவிங்களா. கப்ப தூக்குனவன் வீட்டுல, தோத்தவன் யூரோப்ல. கிளப்ல ஒரு அக்கவுன்டன்ட் கூடவா இல்ல பேப்பர பாக்க?

சேகர் மாமா: ரம்யாவுக்கு அதுதான் கண்ணுல படும்

ரம்யா: பின்ன? மார்ச் மாசம் எங்க ஆபீஸ்ல வந்து பாருங்க மாமா, ஒரு ஃபார்ம் லேட்டுனா எத்தன பேரு தல உருளும்னு

வினோ: ஸ்போர்ட்டிங்கும் நிம்மதியா இல்ல அக்கா. ஃபைனல் முடிஞ்ச கையோட ருய் பாட்ரிசியோ, வில்லியம், ஜெல்சன், புருனோ ஃபெர்னான்டஸ்னு வரிசையா கான்ட்ராக்ட முறிச்சுகிட்டானுவ. ஜூன்ல மெம்பர்ஸ் ஓட்டு போட்டு பிரசிடென்ட தூக்கிட்டாங்க. புருனோ ஃபெர்னான்டஸும் டோஸ்டும் திரும்ப வந்தானுவ. அடுத்த வருசம் இதே ஜமோர்ல போர்ட்டோவ பெனால்ட்டியில அடிச்சு கப்ப வாங்கிட்டானுவ. பெரிய கிளப்புனா வீடு எரிஞ்சாலும் அடுத்த வருசம் பால் காய்ச்சிரும்

சேகர் மாமா: ஆவெஸ் கதைய சொல்லு

வினோ: மனசு வரல. அந்த ஆகஸ்ட்ல சூப்பர் கப்புல போர்ட்டோகிட்ட 3-1ன்னு தோத்தாங்க. ரெண்டு வருசத்துல, 2020ல, லீக்ல கடைசி இடம், சம்பள பாக்கி, கடன், பணம் போட்ட கம்பெனி கைய விரிச்சிருச்சு, புரொஃபஷனல் லீக்ல சேத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க. ஊருக்காரங்க ஜில்லா லீக்ல புதுசா ஆரம்பிச்சாங்க

தீபக்: கப் ஜெயிச்சு ரெண்டே வருசத்துல ஜில்லா லீக்கா 😳

வினோ: இன்னும் கேளு. 2023ல விலாஃபிராங்கென்ஸ்னு தெக்க இருந்த டீமோட கம்பெனிய அப்படியே வடக்க கொண்டாந்து ஆவெஸ் கிரவுண்டுல எறக்கி ஏ வி எஸ்னு பேரு வச்சாங்க. அடுத்த வருசமே மேல் டிவிஷன் ஏறிட்டாங்க

சேகர் மாமா: அது ஆவெஸ் இல்ல. யாரோ வந்து நம்ம வீட்டுல குடியிருந்துகிட்டு நம்ம பேர போர்டுல போட்டா அது நம்ம குடும்பமா? எனக்கு அதுல ஒப்புதல் இல்ல

ரம்யா: ஆனா மாமா அந்த ஊரு பிள்ளைங்களுக்கு சனிக்கிழம போயி பாக்க ஒரு மேட்ச் இருக்குல்ல

சேகர் மாமா: இருக்கட்டும் ம்மா. நான் பாக்க மாட்டேன்

வினோ: மாமா 1999ல பெய்ரா மார் கப் ஜெயிச்ச அதே சீசன்ல லீக்ல கீழ எறங்கிட்டாங்க. இந்த கப்புக்கு அப்படி ஒரு ராசி இருக்கு போல

தீபக்: அப்ப சின்ன டீமுக்கு கப் ஜெயிக்கிறது நல்லதா கெட்டதா?

வினோ: என்னைய கேட்டா நல்லதுதான்டா. கடன்ல மூழ்குன கிளப் கப் ஜெயிக்காம எத்தன இருக்கு, ஒண்ணு பேராவது தெரியுமா உனக்கு? இவங்க பேர எட்டு ஊரு தாண்டி நாம உக்காந்து பேசிட்டு இருக்கோம்

ரம்யா: தீபக் உங்க தெரு டீமுக்கு செவன்ஸ் டோர்னமென்ட்னு சொன்னியே என்ட்ரி ஃபார்ம் குடுத்தாச்சா

தீபக்: மைனி அது வந்து

ரம்யா: வந்து?

தீபக்: கடைசி தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு. நடத்துற அண்ணன்கிட்ட பேசிட்டு இருக்கேன்

வினோ: கப்பு ஜெயிக்காமலே லைசன்ஸ் போச்சா 🤣🤣

சேகர் மாமா: ஏலே நாளைக்கு காலையில என் கூட வா, நான் வந்து பேசுதேன். ரம்யா நீ ஃபார்ம எழுதி வைம்மா

கலா அத்தை: ஃபார்ம் இருக்கட்டும். ரெண்டு பேரும் மொதல்ல மாடிய தொடச்சு விட்டுட்டு போங்க