இலையை வெட்டினால் தட்டையாகவே ஒட்டுகிறார்கள்: காகிதச் சிற்பத்தில் முப்பரிமாணம் வரவைப்பது எப்படி?

கேள்வி:
மூன்றாம், நான்காம் வகுப்புக்கு இலையுதிர்காலக் காகிதச் சிற்பம். குழந்தைகள் இலையை வெட்டி அட்டையில் தட்டையாக ஒட்டிவிடுகிறார்கள். படம்தான் வருகிறது, உருவம் வரவில்லை. உருளையாகச் சுருட்டிய மரமும் சீக்கிரம் சாய்கிறது. 40 நிமிட வகுப்புகள் இரண்டு இருக்கின்றன. எந்தத் தாள், எதில் தொடங்கலாம்?

பதில் 1:
முதல் 40 நிமிட வகுப்பில் பசையை வெளியே எடுக்கவே வேண்டாம். பசை கையில் இருந்தால் குழந்தை ஒட்டத்தான் பார்க்கும். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் துவளும், 200-க்கு மேல் சின்ன விரல்களுக்கு மடியாது. 120 முதல் 160 வரை நல்லது.

15 செ.மீ. நீளத்தில் ஓர் இலை வெட்டச் சொல்லுங்கள். நடு நரம்பை நேர்கோடாக மடித்தால் கூரை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதே நரம்பை மெல்ல வளைந்த கோடாகப் போட்டுப் பாருங்கள். அடியில் நான்காக மடித்த செய்தித்தாள், கையில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. ஒரே இழுப்பில் அழுத்திக் கோடிட்டு, காம்பிலிருந்து நுனிவரை விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி மடிக்க வேண்டும். ஒரு பாதி குழியும், மறு பாதி புடைக்கும். ஒட்டாமலே இலை எழுந்து நிற்கும். அந்த நிமிடத்தில் குழந்தைக்குப் புரிவதை எந்த விளக்கமும் தராது.

மடிப்பு நொறுங்கினால் வளைவு அதிகம் என்று அர்த்தம். கோடு பதியவில்லையென்றால் அடியில் செய்தித்தாள் இல்லை.

பதில் 2:
மரம் சாய்வதற்கு அடிப்பகுதிதான் காரணம். உருளையின் வெறும் விளிம்பில் பசை தடவினால் பிடிக்காது. அடியில் 2 செ.மீ. இடைவெளியில் 1.5 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தக் காதுகளை வெளிப்புறமாக மடித்து அட்டையில் ஒட்டுங்கள். இன்னொன்று, தாளின் இழை, அதாவது நார்கள் ஓடும் திசை. இரு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும். அந்தப் பக்கமாகவே சுருட்டுங்கள். எதிர்ப்பக்கம் சுருட்டினால் ஒட்டிய இடம் பிரிந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பசையை அதிகம் தடவினால் தாள் ஊறி நெளியும். மெல்லிய பூச்சு போதும், காயும்வரை பேப்பர் கிளிப் மாட்டுங்கள்.

பதில் 3:
இரண்டாவது 40 நிமிட வகுப்புக்கு நான்கு பருவ மரம் பொருத்தமானது. நான்கு ஏ4 தாள்களை நீளவாக்கில் நடுவில் மடித்து, ஒரே அச்சட்டையால் (வெட்டி வைத்த மாதிரி அட்டை) மடிப்போரம் பாதி மரம் வரைந்து, மடித்தபடியே வெட்ட வேண்டும். விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பருவம், உதாரணமாக: வசந்தத்துக்குப் பென்சிலில் சுருட்டிய இதழ்கள், இலையுதிர்காலத்துக்கு முந்தைய வகுப்பில் கற்ற இலையைச் சிறிதாக்கி, குளிர்காலத்துக்கு வெறும் கிளை. பிறகு ஒவ்வொரு மரத்தின் பாதியையும் அடுத்த மரத்தின் பாதியோடு முதுகோடு முதுகாக ஒட்டினால் கூட்டல் குறி வடிவ அடியோடு தானாக நிற்கும். சுற்றி வந்தால்தான் நான்கையும் பார்க்க முடியும் என்பதால் இது படமாகத் தங்காது.

வண்ணம், இலை எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே முடியட்டும். பிறகு மூலைக்குள் கை நுழையாது.

கேள்வி கேட்டவர்:
நான்கையும் ஒட்டிய பிறகு ஆடினால்?

பதில் 3:
அடிக்கோட்டைக் கத்தரியால் வெட்டியிருப்பார்கள். தாளின் சொந்த விளிம்பே மரத்தின் அடியாக இருக்கும்படி அச்சட்டையை வைத்து வரையச் சொல்லுங்கள். ஒட்டும்போதும் நான்கு அடிகளையும் மேசையில் தட்டிச் சமன் செய்துவிட்டு அழுத்த வேண்டும்.