ஆசிரியர் தினப் பேச்சுக்கு பெர்லெட் லூயிசி: இந்தக் குறிப்பு சரிதானா?

மஸ்கெலியா டீச்சர்
ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு தரம் 10 பிள்ளை ஒன்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் பெர்லெட் லூயிசியைத் தெரிவு செய்திருக்கிறோம். கையில் இருக்கும் குறிப்பில் "தேர்தலில் வென்று ஆளுநரானார்" என்று இருக்கிறது. சரியா? நம் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது?

கொட்டகலை கதிர்
அந்த வரியை முதலில் வெட்டுங்கள் டீச்சர். கவர்னர் ஜெனரல் பதவிக்குத் தேர்தல் கிடையாது. பிரதமரின் ஆலோசனைப்படி முடி (அரசர் அல்லது அரசி) நியமிப்பது. "ஆளுநர்" என்றால் பிள்ளைகள் மத்திய மாகாண ஆளுநரைத்தான் நினைக்கும். நம் பழைய சொல்லான மகாதேசாதிபதி என்றே போடுங்கள்.

லூயிசி பிறந்தது 1946, தெற்குக் கரையோர லாபோரி கிராமம். பார்படோசில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகப் பட்டம், கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுமாணி. பிரெஞ்சு கற்பித்தார், உயர்தரக் கல்லூரிக்கு அதிபரானார். அந்தக் கல்லூரி பின்பு சர் ஆர்தர் லூயிஸ் சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்தது, கடைசியில் அதற்கும் அதிபர். இடையில் 1994இல், ஐம்பதை நெருங்கும் வயதில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். 1997 செப்டெம்பரில் அதிபர் கதிரையிலிருந்து நேரே மகாதேசாதிபதி. அந்நாட்டில் அப்பதவிக்கு வந்த முதல் பெண். 2017 டிசம்பர் வரை இருந்தார்.

ஒரு பொறி: ஆர்தர் லூயிஸ் 1979இல் பொருளியல் நோபல் பெற்றவர். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, பிள்ளை இருவரையும் குழப்பிவிடும்.

பண்டாரவளை வாசகன்
பட்டங்களை அடுக்கினால் இரண்டாம் நிமிடத்திலேயே பின்வரிசை குசுகுசுக்கத் தொடங்கிவிடும். மொழிக் கதையைப் பிடியுங்கள். அந்தத் தீவு பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் மாறிமாறிக் கைமாறி, 1814இல் பிரிட்டனிடம் நிலைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். அதற்கு நெடுங்காலம் ஒரே எழுத்துமுறை இல்லை. அதை எப்படி எழுதுவது என்ற கையேட்டில் லூயிசியின் பங்கு உண்டு. ஒலிக்கிறபடி எழுது என்பதே விதி. பிரெஞ்சில் ஆங்கில எழுத்து 'சி'யில் தொடங்கும் மொழிப்பெயர் (Créole), இவர்கள் கையில் 'கே'யில் தொடங்கும் (Kwéyòl). கரும்பலகையில் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினால் போதும்.

ஐந்து நிமிடம் என்றால் 350 சொல்லுக்கு மேல் வேண்டாம். மேடையில் ஏறியதும் பிள்ளை வேகம் பிடிக்கும், நிறுத்தங்களைச் சிவப்புப் பேனையால் குறித்துக் கொடுங்கள்.

கொட்டகலை கதிர்
ஒப்பிட உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது. 1972 மே 22 வரை நமக்கும் மகாதேசாதிபதி உண்டு. கடைசியாக இருந்தவர் மாத்தளைக்காரர் வில்லியம் கொபல்லாவ, அதே நாளில் முதல் ஜனாதிபதியானார். செயின்ட் லூசியாவில் இன்றும் முடியாட்சிதான். வாக்கில் வென்ற ஆசிரியர் வேண்டுமென்றால் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது, அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. இரண்டு பாதையையும் ஒரே பேச்சில் திணிக்காதீர்கள், ஒரு வரி போதும்.

பரப்பளவையும் சொல்லுங்கள்: தீவு 616 சதுர கிலோமீற்றர், நுவரெலியா மாவட்டம் 1,741.

மஸ்கெலியா டீச்சர்
நன்றி சேர். தீவின் பெயரை எப்படி உச்சரிப்பது?

பண்டாரவளை வாசகன்
அவர்கள் சொல்வது 'லூஷா'. மைக்கில் 'லூசியா' என்று வந்தாலும் பரவாயில்லை, 'லூயிசி'யோடு சிக்காமல் இருந்தால் சரி.