மெந்திசாபாலின் 1836 ஆணைக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவை

க. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். ஸ்பெயின் நிதியமைச்சர் ஹுவான் ஆல்வாரெஸ் மெந்திசாபால் (1790–1853) பற்றிய பாடத்தைத் தமிழாக்கி வருகிறேன். காடிஸ் வணிகர், 1823இல் லண்டனுக்குத் தப்பிப் போனவர். 1835இல் கார்லிஸ்டுப் போரும் (அரியணை உரிமைக்காக நடந்த உள்நாட்டுப் போர்) கடனும் நாட்டின் கழுத்தை நெரித்த நேரத்தில் பொறுப்பேற்றார். 1836 பிப்ரவரி 19 ஆணையால் கலைக்கப்பட்ட மடங்களின் நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. இதற்கு அங்கே 'தெசமோர்த்திசாசியோன்' என்று பெயர். விற்க முடியாதபடி 'செத்த கைகளில்' கிடக்கும் சொத்தை மீட்பது என்று பொருள். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்குத் தர வேண்டும். 'நாட்டுடைமையாக்கம்' போதுமா?

ச. எழுதியது:
பாதிதான் பொருந்தும், அம்மா. அரசு எடுத்தது உண்மை. எடுத்த கையோடு தனியாருக்கு விற்றுவிட்டதே! அரசுக் கடன்பத்திரங்களை விலையாக முகமதிப்புக்கே, அதாவது அவற்றில் எழுதியிருந்த தொகைக்கே, ஏற்றார்கள். சந்தையில் மலிந்து கிடந்த பத்திரத்தைக் கொடுத்து நிலம் வாங்கலாம். அரசின் கடனும் குறையும். 'முடக்குச் சொத்து விடுவிப்பு' என்று போடுங்கள், மாணவருக்குப் புரியும்.

பு. எழுதியது:
'உடைமை' இருக்க வடமொழி வழி வந்த 'சொத்து' எதற்கு? சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள்: கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு விட்ட ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு செத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் செத்த கை என்றதை நம்மவர் சாகாத ஆடு என்றார்கள்! மூவா என்றால் மூப்படையாத; மூ என்னும் வேரிலிருந்து மூப்பு, மூதூர், மூதாதை. 'மூவா மருந்து' என்பதும் இதுவே. 'மூவா உடைமை நீக்கம்' என்பது என் பரிந்துரை. 'இறையிலி' என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது வரியைப் பற்றியது, விற்பனையைப் பற்றியதல்ல.

ச. எழுதியது:
ஐயா, கல்வெட்டுச் சான்று அருமை. ஆனால் 'மூவா' என்றால் பிள்ளைகள் அதை 'மூன்று' என்ற எண்ணாக நினைப்பார்கள். தேர்வுத்தாளில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ந. எழுதியது:
'முடக்கு' எனக்கு உறுத்துகிறது. குத்தகைக் குடிகள் அந்த நிலங்களை உழுதுகொண்டுதான் இருந்தார்கள். முடங்கியிருந்தது விற்பனை ஒன்றுதான். நிலமே முடங்கிக் கிடந்தது என்பது மெந்திசாபால் தரப்பின் வாதம்; கலைச்சொல் அதைப் பேசக் கூடாது. அதே 1836இல் பொருளியலாளர் புளோரெஸ் எஸ்த்ராதா, அவரும் தாராளவாதிதான், ஏலம் வேண்டாம், உழுபவருக்கே நீண்டகாலக் குத்தகைக்கு விடுங்கள் என்று எழுதினார். அரசு கேட்கவில்லை. நிலம் பெரும்பாலும் பணமுள்ளவர் கைக்குப் போனது. 'விற்பனைத் தடைநீக்கம்' என்றால் நடந்ததை மட்டும் சொல்லும்.

க. எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதிய பலரும் 'முடக்குச் சொத்து விடுவிப்பு' என்றே சொல்கிறார்கள். சரி, இப்போதைக்கு அதையே அனுப்புகிறேன்.

பு. எழுதியது:
'சொத்து'க்கு என் ஒப்புதல் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ந. எழுதியது:
அப்புறம், அடுத்த பாடத்தில் 1855 மதோஸ் சட்டம் வரும். அது ஊர்ப் பொதுநிலங்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊரார் மாடு மேய்த்து விறகு பொறுக்கிய நிலத்தையும் 'முடக்குச் சொத்து' என்றா எழுதப் போகிறோம்?